வலிக்காமல் பாட எம்புட்டு நாளாகும்

அந்த வரியை எடுத்தாயிற்று, தம்பி. நேற்றுச் சாயங்காலமே அச்சாபீசுக்குச் சொல்லிவிட்டேன். உன் திருமண ஆராதனை முறைமைப் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தில், "பதிவேட்டில் கையெழுத்திடும் நேரத்தில் சிறப்புப் பாடல்: மணமகனின் தந்தை" என்று இருந்ததே, அது இனி இருக்காது. நீயும் ஷைனியும் சாட்சிகளும் குருவானவரோடு உள்ளறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்தில் யாரும் பாட மாட்டார்கள். அந்த இடம் வெறுமையாகத் தெரியுமே, ஒரு பூப்படம் போட்டுவிடவா என்று அச்சாபீஸ்காரர் கேட்டார். ஒன்றும் போட வேண்டாம், அப்படியே விடுங்கள் என்றேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் எனக்குக் கத்தத்தான் வரும், உனக்கு "ம், சரி" என்று சொல்லத்தான் வரும். முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்குள் நின்றவனுக்குக் காதும் போய்விட்டது, வாயும் போய்விட்டது. அதனால்தான் இந்தக் காகிதம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கை வலிக்க வலிக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இதை ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்றில்லை. ஓசூரில் உன் கம்பெனி பஸ்ஸில் போகும்போது பாதி, வரும்போது பாதி என்று படி.

புதன்கிழமை நீ கூப்பிட்டாய். "அப்பா, ஏழாம் பக்கத்துல உள்ள அந்த வரிய எடுத்துருங்க" என்றாய். ஏன் என்று கேட்டேன். "எடுத்துருங்கப்பா" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. ஆறு வருஷம், தம்பி. சனிக்கிழமை ஆனால் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஆலயத்துக்கு நடந்து, ஒரு டீச்சரம்மாவிடம் கைகட்டி நின்று பாட்டுப் படித்திருக்கிறேன். அம்புட்டும் அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. என்றாவது உன் கல்யாணம் நடக்கும், உன் முன்னால் கத்தாமல் ஒரு பாட்டுப் பாடிவிட வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். அதை நீ இரண்டே வார்த்தையில் எடுக்கச் சொன்னாய். அன்று முழுக்க நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அந்தத் திட்டு எங்கே போய் முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பழையதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வாயால் நான் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்குப் பின்னால் செட்டில் நாலு தறி ஓடியதே, பேண்டேஜ் துணி நெய்தோமே, அங்கேதான் உன்னைப் பாடப் பழக்கினேன். எவனாவது பிள்ளைக்கு அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுப்பானா? நான் கொடுத்தேன். அப்போது நம் ஆலயத்து மைக் கொஞ்ச நேரம் ஊளையிடும், கொஞ்ச நேரம் செத்துப் போகும். அறுப்பின் பண்டிகையில் தனிப்பாட்டுப் பாடுகிற பிள்ளைக்குக் கடைசி பெஞ்சுவரை எட்டுகிற தொண்டை வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற பேச்சு. நாலு தறியைத் தாண்டிக் கேட்கிற குரல் ஆலயத்தில் எங்கேயும் கேட்கும் என்று நான் கணக்குப் போட்டேன். உன்னை இந்தக் கோடியில் நிறுத்துவேன். அந்தக் கோடியில் அம்மா நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். உன் பாட்டு அவளுக்குக் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் நீ முதலிலிருந்து பாட வேண்டும். தறி செட்டில் வாயால் பேசிப் பிரயோஜனமில்லை, எல்லாம் கையால்தான். இரண்டு விரலை வெட்டிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது, முஷ்டியைக் காட்டினால் நிறுத்து, உள்ளங்கையை மேலே தூக்கினால் இன்னும் கூட்டு. நமக்கு அதுவே பாஷையாகிப் போனது.

முதல் வாரம் அம்மா கை தூக்க வெகுநேரம் ஆனது. பிறகு பிறகு சீக்கிரமே தூக்க ஆரம்பித்தாள். நீ தேறிவிட்டாய் என்று நினைத்தேன். சாயங்காலம் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். நான் வாலிபனாக இருந்தபோது என்னைப் பாடகர் குழுவில் சேர்க்கவில்லை. இவனைச் சேர்த்தால் மற்றவர்கள் பாடுவது கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவன். என் மகனை யார் சேர்க்காமல் விடுவார்கள் பார்க்கலாம் என்று ஒரு வீம்பும் இருந்தது.

அந்த ஆடி மாதத்து மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். நீ எட்டாம் வகுப்பு. இரண்டாவது சரணத்தின் உச்சத்தில் இருந்தாய். அப்போது கரண்ட் போயிற்று. நாலு தறியும் ஒரே சமயத்தில் நின்றன. நீ உடனே நிறுத்தவில்லை, இரண்டு மூன்று நொடி பாடிக்கொண்டே இருந்தாய். அதுவரைக்கும் உன் குரலை நான் தனியாகக் கேட்டதே இல்லை. கேட்டது பாட்டில்லை, தம்பி. பிள்ளையை யாரோ போட்டு அடிக்கிற சத்தம் அது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தாள். "ஏமாயிந்தி? யாரப் போட்டு அடிக்கீக?" என்று வாசலில் நின்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பார்த்தீர்களா அக்கா, தெருவுக்கே கேட்கிறது என் மகன் குரல் என்று சொல்லிச் சிரித்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கருப்பட்டியும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாய். "தொண்ட வலிக்காமப் பாட எம்புட்டு நாளாகும்பா?" நான் யோசிக்கக்கூட இல்லை. "அறுப்பின் பண்டிகைக்குள்ள வந்துரும்லே" என்றேன். எனக்கு என்ன தெரியும் என்று அப்படிச் சொன்னேன்? வலிக்காமல் பாட முடியும் என்பதே எனக்குத் தெரியாது. வலித்தால்தான் வேலை நடக்கிறது என்று நினைத்தவன் நான். உனக்குக் குரல் உடைகிற வயது என்பதும் என் மண்டையில் ஏறவில்லை. கரகரத்தால் சோம்பேறித்தனம் என்றேன். விரிசல் விழுந்தால் இன்னும் கூட்டு என்று கையைத் தூக்கினேன்.

பண்டிகை அன்று ஆலயத்துக்குள் வாழைத்தாரும் கரும்பும் பூசணிக்காயுமாக அடுக்கி வைத்திருந்தார்கள். நீ அதற்கு நடுவில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றாய். முதல் சரணம் நன்றாக வந்தது. இரண்டாவதில் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஆர்மோனியக்காரர் அதே வரியைத் திரும்ப வாசித்தார். அப்போதும் வரவில்லை. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் செய்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். உள்ளங்கையை மேலே தூக்கினேன். கூட்டு, கூட்டு என்று தறி செட்டில் காட்டுவது மாதிரியே காட்டினேன். நீ என்னைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம், கடைசி பெஞ்சைப் பார்த்தாய். நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே உன் அம்மா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிள்ளைக்காக ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படிக் கைதூக்கி ஜெபிக்கிறவள் இல்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. நீ மெதுவாக இறங்கி, பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டாய். பதினாறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீ ஒரு வரிகூட முணுமுணுத்ததில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. படிக்கக் கோயம்புத்தூர் போனாய், வேலைக்கு ஓசூர் போனாய். பையன் செல்போனால் கெட்டுவிட்டான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தறிகளை விற்றோமே, அப்போது நீ வரவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு செட்டுக்குள் போய் நின்றேன். சத்தமே இல்லை. என்னமோ தோன்றி, வாய்விட்டு ஒரு கீர்த்தனை பாடினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "யாரைத் திட்டுதீக?" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக என் குரல் கேட்டது. உனக்கு நான் கொடுத்தது இந்தக் குரலைத்தான் என்றும் விளங்கியது. நம் ஆலயத்துப் பாடகர் குழு பெஞ்சில் போய் உட்கார மனம் வரவில்லை. நீ வாய் திறந்து நின்ற இடம் அங்கே எதிரிலேயே இருக்கிறது. அதனால்தான் யாருக்கும் என்னைத் தெரியாத ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அங்கே பாடகர் குழுவை நடத்துகிற எஸ்தர் டீச்சர் உனக்கு இப்போது ஷைனியின் பெரியம்மா. அப்போது எனக்கு அவர் கண்டிப்பான கணக்கு டீச்சர், அவ்வளவுதான். என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க பாடல. யாரையோ கூப்பிடுதீக."

முதல் வருஷம் அவர் என்னைப் பாடவே விடவில்லை. பெஞ்சில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் பாமாலைப் புத்தகத்தை வைத்து, புத்தகம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு மூச்சு விடு என்பார். ஒரு சனிக்கிழமை ஆலயத்தைக் கூட்ட வந்த கோயில்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று வெளியே ஓடி ஆள் கூப்பிட்டுவிட்டார். சிரிக்காதே. அந்தக் கூத்தெல்லாம் நடந்தது. இரண்டாம் வருஷம் தாடையைத் தளர்த்து, தோளை இறக்கு என்று அதிலேயே போயிற்று. பாடப் போவதற்கு முன்னால் பால்கோவா தொடக் கூடாது என்று அதற்கும் தடை. அந்த ஊரில் இறங்கி அந்தக் கடைகளைத் தாண்டி நடக்கிற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். பழகுவதைவிடப் பழக்கத்தை விடுவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது. ஒரு வரியை மெதுவாக எடுப்பேன், மேலே போகிற இடம் வந்ததும் கழுத்து தன்பாட்டுக்கு இறுகிவிடும். அங்கே தறி ஓடவில்லை என்று கழுத்துக்குச் சொல்லி விளங்க வைக்க முடியவில்லை.

மூன்றாம் வருஷம் ஒருநாள் டீச்சர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். இதில் உங்கள் மகன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவனிடம் பேசுவது மாதிரிப் பாடுங்கள் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம், சும்மாதான் சொன்னார். என்னால் ஒரு எழுத்துப் பாட முடியவில்லை. உன்னிடம் நான் எப்போது மெதுவாகப் பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றுகூட அகப்படவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் போகவில்லை.

நாலாம் வருஷத்துக் கடைசியில்தான் அது வந்தது. எங்கே வந்தது தெரியுமா, பஸ்ஸில். திரும்பி வருகிற வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் தோளைத் தட்டி டிக்கெட் கேட்டபோதுதான், நான் பாடிக்கொண்டிருக்கிறேன் என்றே தெரிந்தது. மூன்று சரணம் முடிந்திருந்தது. தொண்டையில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வைத்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சீட்டு வாங்கத் தெரியாமல் முழித்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை அது இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வரும், போகும், நம் கையில் இல்லை. ஆறு வருஷம் முடிந்து இன்றைக்கு என்னால் சுகமாகப் பாட முடிவது ஒரே ஒரு சரணம், நாலு வரி. அதைத்தான் உன் கல்யாணத்தில் பாடலாம் என்று டீச்சரிடம் சொல்லி ஏழாம் பக்கத்தில் போட வைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை பார்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். நீ போனை வைத்ததும் அடுப்படியில் நின்று கத்தினேன். நாலு தறியைத் தாண்டிப் பாடுகிற அளவுக்கு அவனை ஆளாக்கினது யார், அந்த நன்றி இருக்கிறதா அவனுக்கு என்றேன். அம்மா வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எனக்கு ஒருநாளும் கேட்டதில்லங்க."

என்ன கேட்டதில்லை என்றேன்.

"தறி ஓடையில அவன் பாடினது. ஒருநாளும் கேட்டதில்ல. கழுத்து நரம்பு பொடைக்கிறதப் பாத்துட்டுக் கையத் தூக்கிருவேன். பிள்ள செத்த நேரம் வாய மூடட்டுமேன்னு."

அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியாமலா?" என்றாள். மிச்சக் காயையும் அரிந்து முடித்தாள்.

தம்பி, நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பண்டிகை அன்று அவள் கை தூக்கியது ஜெபம் இல்லை. போதும், எனக்குக் கேட்டுவிட்டது, இறங்கி வா என்று உனக்குச் சொல்லியிருக்கிறாள். நீயும் இறங்கிவிட்டாய். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தோம், அதில் இரண்டு பேர் என்னிடமிருந்து தப்பிக்க ஒரு ஜாடை வைத்திருந்தீர்கள். நான் அந்தக் கைகளை எண்ணி எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது. நீ ஏன் அந்த வரியை எடுக்கச் சொன்னாய் என்று அப்போது விளங்கியது. ஆலயத்தில் நான் பாட நின்றால், கேட்டதோ கேட்கவில்லையோ, எனக்காக நீங்கள் இன்னொரு தரம் கையைத் தூக்க வேண்டும். கல்யாணத்தன்றும் அந்த வேலை உனக்கு எதற்கு?

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நீ கேட்பதற்கெல்லாம் ஷைனி சரி சரி என்று தலையாட்டினால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதே. அவளுக்கு உண்மையிலேயே சரிதானா, அல்லது உன் கழுத்து நரம்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளா என்று நிதானமாகப் பார். இல்லை என்று அவள் பயப்படாமல் சொல்கிற மாதிரி நீ நடந்துகொள். உன் அம்மா இதை எனக்குச் சொல்லப் பதினாறு வருஷம் ஆயிற்று.

நேற்றுச் சனிக்கிழமை அம்மாவையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டோம். அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். உண்மையாகவே கேட்டால் மட்டும் கையைத் தூக்கு, கேட்காவிட்டால் தூக்காதே, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். சரி என்றாள். நான் முன்னால் போய் நின்று அந்த நாலு வரியை எடுத்தேன். வெளியே ஆட்டோ போகிற சத்தம்கூட என் பாட்டைவிடப் பெரிதாக இருந்தது. கழுத்து இறுகவில்லை. முதல் வரி முடிந்தது, அவள் கை மடியிலேயே இருந்தது. இரண்டாவது வரியிலும் அப்படியே. அந்தச் சமயத்தில் சத்தத்தைக் கூட்டிவிடலாம் என்று எனக்கு எவ்வளவு ஆசை வந்தது தெரியுமா? கூட்டவில்லை. நாலாவது வரி முடிகிற இடத்தில் அவள் கையைத் தூக்கினாள். பக்கத்தில் போய், கேட்டதா என்று கேட்டேன். "கேட்டுச்சு. கொஞ்சமாத்தான் கேட்டுச்சு" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்னொரு தரம் கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. அப்படியே ஆலயத்து வாசலில் நின்று அச்சாபீசுக்குப் போன் போட்டேன்.

ஆக, நீ கையெழுத்துப் போடுகிற நேரம் நான் முன் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவும் எனக்குப் பழக்கமில்லாத வேலைதான், பழகிக்கொள்கிறேன். நீ அவசரப்படாமல் உன் பேரை எழுது. பாடகர் குழு காத்திருக்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பதிமூன்று வயதில் நீ என்னிடம் கேட்டதற்கு நான் தப்பான பதில் சொன்னேன். எனக்கு ஆறு வருஷத்தில் நாலு வரி ஆயிற்று. உனக்கு எம்புட்டு நாளாகும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு உன் கையில் கருப்பட்டித் தண்ணீர் இருந்தது, நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: தெரியாதுலே. வலிச்சா நிறுத்திரு.